தப்பில் தவறேது?

மலையகத்தில் தப்பைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் இரண்டு குரல்கள் கேட்கின்றன. "அது இழவு வீட்டு மேளம், நம்மைத் தாழ்த்திய சின்னம், படித்த பிள்ளைகளின் கையில் அதைக் கொடுக்காதீர்கள்" என்பது ஒன்று. "அது நம் முன்னோர் தந்த பாரம்பரியச் சொத்து; அமைச்சர் வரும்போது வாசலில் நின்று அடியுங்கள்" என்பது மற்றொன்று. முதற் குரல் தப்பைக் குப்பையில் வீசச் சொல்கிறது. இரண்டாவது அதைத் தோரணமாகக் கட்டித் தொங்கவிடுகிறது. இவை ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினும் ஒரே மனோபாவத்திலிருந்து பிறந்தவை. தப்பை அடிப்பவனுக்குச் சோறு உண்டா, சம்பளம் உண்டா, மரியாதை உண்டா, அவன் கலைக்கு ஆசிரியன் என்ற ஸ்தானம் உண்டா என்று இவ்விரண்டும் கேட்பதில்லை.

இந்த மனோபாவத்தை எதிர்த்தே இக்கட்டுரை எழுதப்படுகிறது. ஆயினும் வாதத்தை மாத்தளையில் தொடங்காமல், கடல்களுக்கு அப்பால், பிரேசில் நாட்டில் தொடங்குவோம். காரணம் உண்டு. நமது இளைஞர் பலர் ஜமேய்க்காவின் பாப் மார்லியைத் தம் சட்டையில் சுமக்கிறார்கள். ரெகே என்றால் விடுதலையின் தாளம் என்று சரியாகவே உணர்கிறார்கள். ரெகேயையும் ரொக்கையும் ஆபிரிக்க முரசுகளையும் ஒன்றாக்கிய பிரேசில் இசைக் குழுக்களைக் கேட்டுத் தோள் குலுக்குகிறார்கள். அதே இளைஞரின் லயத்துக் கோடியில் தொங்கும் தப்பைக் காட்டினால் முகம் சுளிக்கிறார்கள். கடல் கடந்த முரசு புரட்சி. காம்பிராவில் தொங்கும் முரசு அவமானம்! இந்த முரண்பாடு எங்கிருந்து வந்தது?

பிரேசிலின் முரசு எளிதாக மேடை ஏறவில்லை. ஏறக்குறைய 48 லட்சம் ஆபிரிக்க மக்கள் சங்கிலியில் பிணைக்கப்பட்டு அந்த மண்ணில் இறக்கப்பட்டார்கள். அமெரிக்கக் கண்டங்களில் வேறெந்த நாட்டுக்கும் இத்தனை பேர் கொண்டு செல்லப்படவில்லை. அந்தக் கண்டங்களிலேயே கடைசியாக அடிமை முறையை ஒழித்த நாடும் பிரேசில்தான், ஆண்டு 1888. ஒழித்த கையோடு, 1890இன் தண்டனைச் சட்டம் கப்போயெரா என்ற கறுப்பின மக்களின் ஆட்டத்தைக் குற்றமாக்கியது. அம்மக்களின் கந்தோம்பிளே வழிபாட்டு முரசுகளைப் பொலிஸார் பறிமுதல் செய்தனர். பாஹியா மாநிலத்தில் அவ்வழிபாட்டு இல்லங்கள் பொலிஸில் பதிவு செய்தாக வேண்டும் என்ற விதி 1976 வரை நீடித்தது. முரசைக் கண்டு அரசு ஏன் அஞ்சிற்று? சங்கிலி பூட்டப்பட்ட மனிதர் ஒரே தாளத்தில் கால் வைக்கத் தொடங்கினால், அடுத்து ஒரே திசையில் நடக்கத் தொடங்குவார்கள் என்பதை அது அறிந்திருந்தது.

1974இல் பாஹியாவின் தலைநகரான சல்வடோரில், லிபெர்தாதே என்ற கறுப்பினத் தொழிலாளர் குடியிருப்பில், 'இலே ஐயே' என்ற முரசுக் குழு தோன்றியது. அடுத்த ஆண்டுத் திருவிழா ஊர்வலத்தில் அக்குழு கறுப்பின மக்களின் பெருமையை முழங்கியபோது, நகரத்தின் பெரும் பத்திரிகை அதையே இனவாதம் என்று தூற்றியது. அடக்கப்பட்டவன் நிமிர்ந்து நின்றால் அடக்கியவனுக்கு அது துவேஷமாகத் தோன்றுகிறது. இது பிரேசிலின் தனிச் சரித்திரமா? நம் தோட்டங்களில் இதை நாம் காணவில்லையா?

1979இல் அதே நகரின் பெலோரீஞ்ஞோ பகுதியில் 'ஒலோடும்' குழு பிறந்தது. பெலோரீஞ்ஞோ என்ற சொல்லுக்குக் கசையடிக் கம்பம் என்று பொருள். அடிமைகளைக் கட்டி வைத்து அடித்த இடத்தில் அவர்களுடைய பேரப்பிள்ளைகள் முரசடித்தார்கள். நெகீஞ்ஞோ டோ சம்பா என்ற முரசாசான் சம்பாவின் தாளத்தையும் ஜமேய்க்காவின் ரெகேயையும் இணைத்து, சம்பா-ரெகே என்ற புதிய நடையை வகுத்தார். அமெரிக்கப் பாடகர் போல் சைமன் அவர்களோடு சேர்ந்து செய்த ஒலிப்பதிவு 1990இல் வெளிவந்தது. 1996இல் மைக்கேல் ஜாக்சன் அங்கே வந்து படம் பிடித்தார். இவையெல்லாம் பேசப்படும் செய்திகள். அதிகம் பேசப்படாத செய்தி ஒன்றுண்டு: ஒலோடும் வெறும் இசைக் குழுவாக நிற்காமல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடசாலை நடத்தியது. நெகீஞ்ஞோவும் பின்னர், 1993இல், 'டிடா' என்ற பெண்கள் முரசுக் குழுவை உருவாக்கினார். முரசு ஆணின் கைக்கே உரியது என்ற பழைய விதியும் அங்கே உடைந்தது.

வடகிழக்கே ரெசிஃபே நகரில் சிக்கோ சயன்ஸ் என்ற இளைஞரும் 'நசாவ் சும்பி' குழுவினரும் மரக்காத்து ஊர்வலத்தின் பெருமுரசுகளை ரொக் கிற்றாரோடு மோதவிட்டு, 1994இல் தம் முதல் இசைத்தட்டை வெளியிட்டனர். குழுவின் பெயரிலுள்ள சும்பி யார்? தப்பியோடிய அடிமைகள் காட்டில் அமைத்த பல்மாரெஸ் குடியேற்றத்தின் தலைவன். 1695 நவம்பர் 20ஆம் திகதி போர்த்துக்கேயரால் கொல்லப்பட்டவன். இன்று அந்நாள் பிரேசிலில் தேசிய விடுமுறை நாள். அங்கே கிற்றாரும் முரசும் சேர்ந்தபோது வெறும் கேளிக்கை பிறக்கவில்லை. மறைக்கப்பட்ட சரித்திரம் ஒன்று உரக்கப் பேசத் தொடங்கிற்று.

"அது பிரேசில், நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பவர்களுக்கு இரண்டு உண்மைகளைச் சொல்ல வேண்டும்.

பிரேசிலுக்கு ஆபிரிக்கரைக் கொண்டு சென்ற அதே போர்த்துக்கேயர் இலங்கைக்கும் கொண்டு வந்தனர். அவர்களின் வழித்தோன்றல்கள் புத்தளத்துக்கு அருகே சிரம்பியடியில் இன்றும் வாழ்கிறார்கள். 'மஞ்சா' என்ற அவர்களுடைய பாட்டும் தாளமும் இன்னும் அழியவில்லை. நம் நாட்டுக் கலியாண வீடுகளில் எல்லாரையும் ஆட வைக்கும் பைலாவிலும் அந்த ஆபிரிக்க, போர்த்துக்கேயக் கலப்பின் துடிப்பு இருக்கிறது. ஆகவே பிரேசிலின் தாளத்துக்கும் நமக்கும் உறவு புதிதன்று.

இரண்டாவது உண்மை இன்னும் நெருக்கமானது. ஜமேய்க்காவின் தோட்டங்களில் காப்பிச் செய்கையைப் பயின்ற ஆர். பி. டைட்லர் என்ற துரை 1837இல் இலங்கைக்கு வந்து, அந்தத் தீவின் முறையை இந்த மலைகளில் நாட்டினார். அடிமைகளின் உழைப்பில் வளர்ந்த தோட்ட முறை, கூலிகளின் உழைப்பைத் தேடி இங்கே இறங்கியது. பாப் மார்லியின் மூதாதையரும் நம் மூதாதையரும் ஒரே கணக்குப் புத்தகத்தின் இரண்டு பக்கங்களில் எழுதப்பட்டவர்கள். ரெகேயைக் கேட்கும்போது நம் இளைஞனின் இரத்தம் சூடேறுவதில் ஆச்சரியமில்லை. தப்பைக் கேட்கும்போது அது ஏன் குளிர்ந்து போகிறது என்பதே கேள்வி.

இனி மாத்தளைக்கு வருவோம். தமிழகத்தின் வறண்ட கிராமங்களிலிருந்து புறப்பட்டவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடு வழியே தம்புள்ளை, நாலந்தை கடந்து முதலில் மூச்சு விட்ட மலைநாட்டு நகரம் மாத்தளை. 1880இல் மாத்தளைக்கு ரயில் வருவதற்கு முன், அந்தப் பாதையில் வாந்திபேதியாலும் பசியாலும் விழுந்தவர்களுக்குக் கல்லறை இல்லை, கணக்கும் இல்லை. 2023இல், மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, ஜூலை இறுதியிலிருந்து ஓகஸ்ட் 12 வரை தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்களே, அது இந்த உண்மையை உலகுக்கு உரைத்த நடை.

அந்த மூதாதையர் மூட்டையில் கட்டிக் கொண்டுவந்த பொருள்கள் சொற்பம். அவற்றுள் ஒன்று தப்பு. வட்டமான மரச் சட்டம். அதன்மேல் இழுத்துக் கட்டிய மாட்டுத் தோல். ஒரு கையில் நீண்டு மெலிந்த குச்சி, மறுகையில் குட்டையான தடித்த குச்சி. அடிப்பதற்கு முன் நெருப்பில் வாட்டினால்தான் தோல் இறுகிக் குரல் எழும்பும். தோட்டத்து வாழ்க்கையில் அது புகாத இடமில்லை. விடியுமுன் லயத்து மக்களை எழுப்பிப் பெரட்டுக் களத்துக்கு விரட்டியதும் தப்பு. மாசி மாதத்தில் காமன் நட்டு, ரதியும் மதனும் ஆடி, சிவன் மதனை எரிக்கும் இரவு வரை காமன் கூத்தைத் தாங்கி நின்றதும் தப்பு. சாவு வீட்டில் அழ முடியாதவனுக்காக அழுததும், மே தின ஊர்வலத்தில் கால்களை ஒன்றாக்கியதும் அதே தப்பு. சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய தேயிலைத் தோட்டக் கவிதையில் விடியற்கால முரசைக் கேட்கச் செய்தார் என்றால், அது வெறும் வருணனையன்று. அந்த ஓசையில்தான் ஒரு மக்கள் கூட்டத்தின் நாள் தொடங்கிற்று.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பெரட்டுத் தப்பு துரையின் கடிகாரமாக இருந்தது. தொழிலாளியின் உறக்கத்தைத் திருடுவதற்குத் தொழிலாளியின் வாத்தியமே கருவியாக்கப்பட்டது. அதே தொழிலாளி இரவில் அதே வாத்தியத்தைத் தனக்காக அடித்துக் கூத்தாடினான். ஆகவே குற்றம் தோலிலோ குச்சியிலோ இல்லை. யாருக்காக, யார் கட்டளையில், என்ன கூலிக்கு அடிக்கப்படுகிறது என்பதே விஷயம்.

இனி எதிர்வாதங்களை எடுத்துக்கொள்வோம். 'தப்பு தாழ்ந்தது, கர்நாடக சங்கீதமும் பரதநாட்டியமும் உயர்ந்தவை, நம் பிள்ளைகள் உயர்ந்ததைக் கற்கட்டும்' என்பாரின் வாதத்துக்கு அதிக விடை தேவையில்லை. சங்கீதமும் பரதமும் கற்கப்பட வேண்டியவையே. அவற்றின் மீது நமக்குப் பகையில்லை. ஆனால் பரதமே ஒரு காலத்தில் இழிவென்று ஒதுக்கப்பட்டு, பிறகு மேற்குடியினரால் கைப்பற்றப்பட்டு, 'தெய்வீகக் கலை' ஆக்கப்பட்டது என்பதை இவர்கள் அறியாதவர்களா? தோலைத் தொட்டால் தீட்டு என்றால் மிருதங்கமும் தோலினால் ஆனதுதான். மிருதங்கத்தின் தோல் சபையில் அமரலாம், தப்பின் தோல் வாசலில் நிற்க வேண்டும் என்றால், வித்தியாசம் தோலில் இல்லை. அதை அடிப்பவனின் சாதியில் இருக்கிறது. அந்த உண்மையை இசை ரசனை என்ற போர்வையால் மூடாதிருப்பதே நேர்மை.

அடுத்த எதிர்வாதம் மிகுந்த மரியாதையோடு கேட்கப்பட வேண்டியது. தலைமுறை தலைமுறையாகத் தப்படிக்கும்படி கட்டாயப்படுத்தப்பட்ட மக்களே, "இனி எங்கள் பிள்ளைகள் இதைத் தொட மாட்டார்கள்" என்கிறார்கள். தமிழகத்துக் கிராமங்களில் சாவுக்குப் பறையடிக்க மறுத்தவர்கள் அடிவாங்கியதும் உண்டு. அந்த மறுப்பு விடுதலைப் போராட்டத்தின் ஓர் அத்தியாயம். அதைக் 'கலைத் துரோகம்' என்று பழிக்க எவருக்கும் உரிமையில்லை. ஊருக்கு இழவு விழுந்தால் ஒரு சாதிதான் அடிக்க வேண்டும் என்ற கட்டாயம் ஒழியும் வரை, மறுப்பவன் பக்கமே நாம் நிற்க வேண்டும். கலைஞன் வேறு, ஊழியக்காரன் வேறு. ஆனால் ஊழியத்தை மறுப்பதும் கலையை மறப்பதும் ஒன்றல்ல. கசையடிக் கம்பம் நின்ற சதுக்கத்தைப் பாஹியா மக்கள் விட்டோடவில்லை. அங்கேயே நின்று தம் முரசைத் தமதாக்கினார்கள். கட்டாயத்தை உடைக்கும் வழி, தப்பு எல்லாச் சாதிப் பிள்ளைகளின் கைக்கும், பெண் பிள்ளைகளின் கைக்கும் போவது. கற்றுக்கொடுக்கும் ஆசானுக்கு ஆசிரியர் என்ற பெயரும் ஊதியமும் கிடைப்பது.

பரிசுத்தவாதிகள் வேறொரு வாதத்தோடு வருகிறார்கள். "தப்போடு கிற்றாரைச் சேர்க்காதீர்கள்; ரெகேயையும் ராப்பையும் கலந்தால் மரபு கெட்டுவிடும்" என்கிறார்கள். கடல் கடந்து, காடு கடந்து, காப்பியிலிருந்து தேயிலைக்கு மாறி, துரைக்கும் தொழிற்சங்கத்துக்கும் முழங்கி இத்தனை மாற்றங்களைக் கண்ட வாத்தியத்துக்குப் பரிசுத்தம் எங்கே இருந்தது? உயிருள்ள கலை கலக்கும். கலப்பில் அஞ்ச வேண்டியது ஒன்றே: சேரும்போது யார் பெயர் முன்னே வருகிறது, யார் பெயர் மறைகிறது என்பது.

இதற்குச் சமீபத்திய உதாரணம் நம் மொழியிலேயே உண்டு. 2018 ஜனவரியில் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற இசைக் குழு மேடையேறியது. திரைப்பட இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசைக் கலைஞர் டென்மாவும் முன்னின்று உருவாக்கிய அக்குழுவில் கானாவும் பறையும் ராப்பும் ரொக்கும் ஒன்றாயின. குழுவின் பெயரே அயோத்திதாசப் பண்டிதரின் சாதிபேதமற்ற தமிழர் என்ற கருத்திலிருந்து பிறந்தது. ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவை இசைவாணி என்ற பெண் அந்த மேடையில் பாடினார். பிரேசிலில் நடந்தது தமிழிலும் நடக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அக்குழுவில் பாடிய அறிவு, 2021 மார்ச்சில் பாடகி தீயுடனும் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணனுடனும் சேர்ந்து 'என்ஜாயி எஞ்சாமி' பாடலைத் தந்தார். கோடிக்கணக்கானோர் கேட்ட அப்பாடலின் வேர் எங்கே? அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தமிழகம் திரும்பியவர். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பொருள்களைப் போலப் பங்கிடப்பட்ட ஒரு சமூகத்தின் நினைவே அந்தப் பாட்டில் உலகெங்கும் ஒலித்தது. அதே ஆண்டு ஓகஸ்டில், ஓர் இசைச் சஞ்சிகையின் அட்டையில் அறிவின் முகம் இல்லாததைக் கண்டித்துக் குரல் எழுந்தது. பிறகு அச்சஞ்சிகை அவருக்குத் தனி அட்டை ஒன்றை வெளியிட்டது. 2022இல் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் மேடையில் அவரின்றி அப்பாடல் பாடப்பட்டபோது, ஆக்கியவர் யார் என்ற சர்ச்சை மீண்டும் எழுந்தது. அது கூட்டு உழைப்பு என்று மற்றவர்கள் விடையளித்தார்கள். அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. ஆனால் கூட்டுக் கலையில் உரிமை எழுதப்படாவிட்டால், உலகம் முதலில் மறக்கும் பெயர் அடிமட்டத்திலிருந்து வந்தவனின் பெயராகவே இருக்கும் என்ற பாடத்தை நாம் கற்க வேண்டும்.

தோரணம் கட்டுவோர்க்கும் ஒரு வார்த்தை. 1990களில் சல்வடோர் நகரின் பெலோரீஞ்ஞோ புதுப்பிக்கப்பட்டது. கட்டடங்களுக்கு வர்ணம் பூசப்பட்டது. உல்லாசப் பிரயாணிகள் வந்தார்கள். அங்கே குடியிருந்த ஏழைக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. முரசு தங்கிற்று, முரசைப் பெற்றெடுத்த மக்கள் போனார்கள். நம் நாட்டிலும் இதற்கு ஒப்பான பாடம் உண்டு. கண்டிய முரசும் நடனமும் தேசியச் சின்னங்களாகி, பாடசாலைப் பாடங்களாகின. அது நல்லதே. ஆயினும் தலைமுறைகளாக அக்கலையைக் காத்த பெரவா சமூகத்தவர் சாதி இழிவிலிருந்து அதே வேகத்தில் விடுபட்டார்களா? கலைக்குக் கிரீடமும் கலைஞனுக்குக் கந்தலும் என்ற இந்த ஏற்பாட்டைச் சிங்களத் தொழிலாளியும் தமிழ்த் தொழிலாளியும் ஒன்றாக எதிர்க்க வேண்டும்.

ஆசிரிய நண்பர்களே! மாத்தளை, இரத்தோட்டை, எல்கடுவைப் பகுதிப் பாடசாலைகளில் பணிபுரிவோரே! உங்களை நோக்கியே முடிவுரை. நமது பாடத்திட்டத்தில் தேசிய நடனம் உண்டு, பரதம் உண்டு, கர்நாடக சங்கீதமும் மேலைச் சங்கீதமும் உண்டு. தோட்டத்துப் பிள்ளையின் சொந்த வாத்தியத்தின் பெயரால் ஒரு பாடம் இல்லை. அது வர வேண்டும் என்று ஆசிரியர் சங்கங்கள் தீர்மானம் நிறைவேற்றிக் கேட்க வேண்டும். ஆனால் பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் தோட்டத்தில் காமன் கூத்துக்கு அடிக்கும் முதியவரை வகுப்பறைக்கு அழையுங்கள், நாற்காலி கொடுங்கள், ஊதியம் கொடுங்கள். அவர் அறிந்த அடிகளைப் பெயரோடும் அவர் பெயரோடும் பதிவு செய்யுங்கள். தமிழகத்தில் பறையாசான் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது வந்தது. நம் ஆசான்கள் அரசின் விருதுக்காக அல்ல, முதலில் நம்முடைய வணக்கத்துக்காகக் காத்திருக்கிறார்கள்.

மாணவ நண்பர்களே! மார்லியின் படத்தைக் கிழிக்க வேண்டாம். அது சுவரிலேயே இருக்கட்டும். அதன் அருகே ஒரு தப்பையும் மாட்டுங்கள். மாட்டியதோடு நிற்காமல் இறக்கி, நெருப்பில் வாட்டி, அடியுங்கள். கிற்றார் வைத்திருப்பவனைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். அடிப்பவன் எந்தச் சாதி என்று கேட்கிறவனுக்கு, அடுத்த தப்பை அவன் கையில் கொடுப்பதே விடை. சாதி தப்பு, சுரண்டல் தப்பு, உழைத்தவன் பெயரை மறைப்பது தப்பு. தோலும் மரமும் சேர்ந்த இந்த வட்டத்தில் மட்டும் எந்தத் தப்பும் இல்லை.